மாலத்தீவு: சாயங்காலம் இறங்கினால் சீப்ளேன் கிடைக்குமா?

சாயங்காலம் 5:10க்கு மாலேயில் இறங்குறீங்க, ரிசார்ட்டுக்கு சீப்ளேன் (கடலில் இறங்கும் சின்ன விமானம்) மட்டும்தான்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்குப் போக முடியாதுங்க. சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். விமானி கண்ணால் பார்த்துத்தான் கடலில் இறக்கணும். பொதுவா மதியம் மூன்றரைக்குள் தரையிறங்கினால்தான் நம்பலாம். அதனால் முதல் ராத்திரி ரிசார்ட்டுக்குப் பணம் கட்டாதீங்க. பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் தங்குங்க, விமான நிலையத்திலிருந்து தரைவழியாவே டாக்ஸி உண்டு. காலை சீப்ளேனை இப்பவே ரிசார்ட்டிடம் எழுத்தில் உறுதி செய்யுங்க.

ரிசார்ட் தேதியை மாற்ற முடியாட்டி, வட மாலே அல்லது தென் மாலே பவளத்தீவுக் கூட்டத்தில் ஸ்பீட்போட் வசதியுள்ள ரிசார்ட் பாருங்க. ராத்திரியிலும் படகு ஓடும்.

சீப்ளேனில் பெட்டி வழக்கமா 20 கிலோ, கைப்பை 5 கிலோ. மிஞ்சினால் தனிக்கட்டணம். டியூட்டி ஃப்ரீ மது வாங்காதீங்க, சுங்கத்தில் எடுத்து வச்சிடுவாங்க.

ஒரு ராத்திரி அறைக்கு '600 டாலர்++' (சேவைக் கட்டணமும் வரியும் தனி) என்பதில்தான் பலர் ஏமாறுறாங்க. 10% சேவைக் கட்டணம் சேர்த்தா 660. அதன்மேல் 17% வரி, 772.20. பசுமை வரி ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். இரண்டு பேருக்கு 24. ஆக 796.20. சீப்ளேன் கட்டணம் பெரும்பாலும் இதில் சேராது, இருவழிக்கும் கேட்டு வாங்குங்க.