பைத்தானில் எளிமையான ஸ்டேட் மெஷின் எழுதுவது எப்படி? இதற்குத் தனி லைப்ரரி வேண்டுமா?

இஃப்-எல்ஸ் பெருகிப்போய், எந்த ஃபிளாக் எப்போது மாறுகிறது என்று உங்களுக்கே பிடிபடவில்லை என்கிறீர்கள். நானும் அங்கே மாட்டியிருக்கிறேன். ஸ்டேட் மெஷின் என்பது, நிரல் ஒரு நேரத்தில் ஒரே நிலையில் இருந்து, நிகழ்வு வரும்போது மட்டும் வேறு நிலைக்கு மாறும்படி எழுதுவது. அதற்கு லைப்ரரி வேண்டாம். ஒரு டிக்ஷனரியும் ஒரு சின்ன ஃபங்ஷனும் போதும். ஆனால் கோடுக்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுங்கள். பாதிக்கு மேல் வேலை அங்கேதான் நடக்கிறது.

பெரிய கோப்புகளை இறக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். இறங்குகிறதா, நிறுத்தப்பட்டதா, மறுபடி முயல்கிறதா, பிழையா, முடிந்ததா என்று ஐந்து பூலியன்கள், அதாவது ஆம்/இல்லை மாறிகள். ஐந்து பூலியன் என்றால் 32 சேர்க்கைகள். அதில் அர்த்தமுள்ளவை ஆறுதான். மற்ற 26-க்குள் நிரல் போய்விடக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் இஃப் மேல் இஃப் போட்டிருந்தேன். அப்படியும் ஒரு பக் பிடிவாதமாக நின்றது. இணைப்பு அறுந்தால் சில நொடி கழித்து மறுபடி முயல ஒரு டைமர் ஓடும். அந்த இடைவெளியில் பயனர் நிறுத்து பொத்தானை அழுத்தினால், திரையில் நின்றதாகக் காட்டும். டைமர் அடித்ததும் கோப்பு தானாக இறங்கத் தொடங்கிவிடும். இரண்டு நாள் தேடினேன். புதிதாக ஓர் இஃப் சேர்த்துச் சரிசெய்தால் வேறோர் இடத்தில் முளைத்தது.

அப்புறம்தான் பூலியன்களைத் தூக்கிவிட்டு, 'நிலை' என்று ஒரே ஒரு மாறியை வைத்தேன். ஒரு நேரத்தில் ஒரு நிலை மட்டுமே இருக்க முடியும் என்பதால் அந்த 26 சேர்க்கைகளும் ஒரேயடியாக ஒழிந்தன. பிறகு காகிதத்தில் இந்தப் பட்டியலை எழுதினேன்:

தயார், தொடங்கு → இறக்கம்
இறக்கம், நிறுத்து → நிறுத்தம்
இறக்கம், துண்டிப்பு → மறுமுயற்சி
இறக்கம், நிறைவு → முடிந்தது
மறுமுயற்சி, டைமர் → இறக்கம்
மறுமுயற்சி, நிறுத்து → நிறுத்தம்
மறுமுயற்சி, கைவிடு → தோல்வி
நிறுத்தம், தொடர் → இறக்கம்
தோல்வி, தொடங்கு → இறக்கம்

முதலில் இருப்பது இப்போதைய நிலை, அடுத்தது வந்த நிகழ்வு, அம்புக்குறிக்குப் பின் அடுத்த நிலை. இதை அப்படியே டிக்ஷனரியாக எழுதுங்கள்: நிலையும் நிகழ்வும் சேர்ந்த டியூப்பிள் கீ, அடுத்த நிலை வேல்யூ. நிலைகளின் பெயர்களை வெறும் ஸ்ட்ரிங்காக வைக்காமல் எனம் (Enum, பெயர்களின் நிலையான பட்டியல்) ஆக வையுங்கள், பைத்தான் 3.4-இலிருந்தே அது உள்ளே இருக்கிறது. ஸ்ட்ரிங்கில் ஓர் எழுத்து தவறினால் நிரல் சத்தமில்லாமல் தவறாக ஓடும். எனத்தில் பெயர் தவறினால் அந்த வரி ஓடும்போதே பிழை வந்துவிடும்.

மீதி ஒரு ஃபங்ஷன். நிகழ்வு வந்ததும் டிக்ஷனரியில் தேடும், இருந்தால் நிலையை மாற்றும், அந்த மாற்றத்துக்குரிய செயலைச் செய்யும். பத்து வரிக்குள் முடியும். 3.10-இல் வந்த மேட்ச்-கேஸ் கொண்டும் எழுதலாம்தான். எனக்கு டிக்ஷனரியே பிடிக்கும், ஏனென்றால் அது தரவு. அதைச் சுற்றி ஒரு லூப் போட்டு, எந்த நிலைக்காவது வர வழியே இல்லையா என்று டெஸ்டில் பார்த்துவிடலாம்.

இனிதான் முக்கியமான இடம். ஆறு நிலைகள், ஏழு நிகழ்வுகள்; அட்டவணையாகப் போட்டால் மொத்தம் 42 கட்டங்கள். நிரப்பியது ஒன்பது. காலியாக இருக்கும் 33 கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். என் பக் அங்கேதான் உட்கார்ந்திருந்தது: நிறுத்தம் என்ற நிலையில் டைமர் அடித்தால் என்ன? பட்டியலில் அப்படி ஒரு வரி இல்லை, ஆகவே ஒன்றும் நடக்காது. இரண்டு நாள் தேடிய பக்குக்கு ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எல்லாக் காலிக் கட்டங்களும் ஒரே வகை அல்ல. நிறுத்தத்தில் டைமர் அடிப்பது தாமதமாக வந்த நிகழ்வு, நியாயமாக நடக்கக்கூடியது, பேசாமல் விட்டுவிடலாம். தயார் நிலையில் நிறைவு வருவது நடக்கவே முடியாதது. அது வந்தால் நம் கோடில் எங்கேயோ தப்பு இருக்கிறது, அங்கே எக்ஸெப்ஷன் எழுப்ப வேண்டும். விட்டுவிட வேண்டிய கட்டங்களை ஒரு செட்டில் எழுதி வையுங்கள். மற்ற எல்லாமே பிழை. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் எல்லாவற்றையும் கண்டும் காணாமல் விடுகிற ஸ்டேட் மெஷினை நான் நம்பமாட்டேன்.

இன்னும் இரண்டு இடங்களில் அடி வாங்கினேன். பயனர் நிறுத்துகிறார், தொடர்கிறார், மறுபடி இணைப்பு அறுகிறது. இப்போது நிலை மறுமுயற்சி. அந்த நேரத்தில் முதல் தடவை வைத்த பழைய டைமர் அடித்தால்? பட்டியலைப் பொறுத்தவரை அது செல்லுபடியாகும் நிகழ்வு! மறுமுயற்சியை விட்டு வெளியேறும்போதே டைமரை ரத்து செய்யுங்கள். அதோடு ஒவ்வொரு முயற்சிக்கும் ஓர் எண் கொடுத்து, டைமர் அதே எண்ணோடு வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ரத்து செய்யும் முன்பே நிகழ்வு வரிசையில் ஏறியிருக்கலாம் என்பதால் இரண்டும் வேண்டும்.

அடுத்தது, செயலுக்குள்ளிருந்தே இன்னொரு நிகழ்வை அனுப்புவது. ஒரு மாற்றம் முடியும் முன் அதற்குள் இன்னொன்று தொடங்கி, நிலை ஒன்றாகவும் திரை வேறாகவும் நிற்கும். நிகழ்வுகளை ஒரு டெக்கில் (deque, வரிசை) போட்டு, ஒன்று முழுதும் முடிந்த பிறகே அடுத்ததை எடுங்கள்.

செயலை எங்கே மாட்டுவது என்பதில் பழைய இரண்டு வழிகள் உண்டு. 1955-இல் ஜார்ஜ் மீலி எழுதிய மாதிரியில் வெளியீடு நிலையையும் வந்த உள்ளீட்டையும் பொறுத்தது. 1956-இல் எட்வர்ட் மூர் எழுதியதில் நிலையை மட்டும் பொறுத்தது. நான் இரண்டையும் கலக்கிறேன். திரையில் எந்த ஐகான் என்பது நிலையின் விஷயம். எத்தனையாவது முயற்சி என்று எண்ணுவது துண்டிப்பு என்ற மாற்றத்தின் விஷயம். அந்த எண்ணிக்கையை மட்டும் நிலையாக்கிவிடாதீர்கள். மறுமுயற்சி ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்தால் பட்டியல் வீங்கும். அதைப் பக்கத்தில் ஒரு சாதாரண மாறியாக வைத்து, எல்லை தாண்டினால் கைவிடு நிகழ்வை அனுப்புங்கள்.

லைப்ரரி எப்போது வேண்டும் என்றால், நிலைக்குள் நிலை வரும்போது. ஒரே வரியை எட்டுப் பத்து நிலைகளுக்குத் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள் என்றால் நிலைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க வழி தரும், டேவிட் ஹாரெல் 1987-இல் விளக்கிய ஸ்டேட்சார்ட் முறையைப் பாருங்கள்; அதை ஆதரிக்கும் லைப்ரரிகள் இருக்கின்றன. நிலைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இணையத்தைத் தாங்கும் டிசிபி (TCP, கணினிகள் தரவு பரிமாறும் நெறிமுறை) இணைப்புக்கே 1981-இன் வரையறையில் 11 நிலைகள்தான், எல்லாம் ஒரே தட்டில்.

உங்கள் நிரலின் நிலைகளையும் நிகழ்வுகளையும் எழுதி, காலிக் கட்டங்களோடு இங்கே கருத்தில் போடுங்கள். எந்தக் கட்டம் விட்டுவிட வேண்டியது, எது பிழை என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.