விண்டோஸ் 10ஐ விட்டு எங்கே போவது? யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு கடைக்கு வருகிறவர்களும் போனில் கேட்கிறவர்களும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: விண்டோஸ் 11 போடுவதா, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவதா, இப்படியே வைத்திருப்பதா? வந்த கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதுகிறேன். எனக்கு லினக்ஸ் மிகவும் பிடிக்கும். ஆனாலும் கீழே சிலரை மாற வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அந்தக் கணினியில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் முடிவு சொல்ல வேண்டும், என்னுடைய விருப்பம் இல்லை.

கேள்வி (சுன்னாகம், பலசரக்குக் கடை உரிமையாளர்): தம்பி, கடையில் பில் போடுகிற கணினி நாலாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 ஏறாது என்று வருகிறது. லினக்ஸ் போட்டால் காசு மிச்சம் என்கிறார்கள். போடட்டுமா?

வேண்டாம் ஐயா. உங்கள் பில் புரோகிராம் விண்டோஸுக்கு என்று எழுதியது. அதோடு பில் அடிக்கிற சின்னப் பிறின்டரும் பார்கோட் வாசிக்கிற கருவியும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். லினக்ஸில் வைன் என்ற மென்பொருளின் வழியாக இப்படியான சில புரோகிராம்களை ஓட்டலாம்தான். ஆனால் பொங்கலுக்கு முதல் நாள் கடை நிறைய ஆள் நிற்கும்போது பில் வராமல் நின்றால் உங்களுக்கு உதவ ஆள் இருக்காது. புரோகிராம் தந்தவரும் "எங்களுக்கு லினக்ஸ் தெரியாது" என்பார்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருந்தால், 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்த பாதுகாப்புப் புதுப்பிப்பில் பதியலாம். மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றைத் திறந்து, கணினியின் அமைப்புகளை அதனோடு ஒத்திசைய விட்டால் பணம் இல்லை. ஒத்திசைய விட விருப்பமில்லை என்றால் 30 டொலர், கணக்கு அதற்கும் வேண்டும். புதுப்பிப்புக்கு ஒழிய அந்தக் கணினியில் இணையத்தைத் திறக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு யூரியூப் பார்க்கவும் கொடுக்க வேண்டாம். அந்த அவகாசத்துக்குள் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பாவித்த ஓபிஸ் கணினி ஒன்றை ஆறுதலாகத் தேடுங்கள்.

கேள்வி (யாழ். நகரம், தட்டச்சு நிலையம் நடத்தும் அக்கா): எங்களுடைய எல்லாப் பைல்களும் பாமினியில். லினக்ஸில் பாமினி வேலை செய்யுமா?

இங்கே எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது அக்கா, ஆனால் மாறின பிறகுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது.

பாமினியில் அடித்த பைலுக்குள் உண்மையில் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுத்துக் காட்டுகிறது. "அம்மா" என்று அடித்த பைலை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். பைல் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. விண்டோஸில் இருக்கும் அதே பாமினி எழுத்துரு பைலைப் பிரதி எடுத்து லினக்ஸில் போட்டுவிட்டால், வேர்டுக்குப் பதிலாக லினக்ஸில் பாவிக்கும் லிப்ரே ஓபிஸில் பழைய கடிதங்கள் எல்லாம் தமிழாகவே திறக்கும். புதிதாக அடிப்பதும் அப்படித்தான்: ஆங்கில விசைப்பலகையை வைத்துக்கொண்டு எழுத்துருவைப் பாமினி ஆக்கினால் போதும்.

எழுத்துரு மாறினாலும் தமிழாகவே இருக்கும் யூனிகோட் முறையில் அடிக்க விரும்பினால் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் தொகுப்பை நிறுவுங்கள். அதில் தமிழ்99, தட்டச்சு, ஒலிப்பு முறைகளோடு நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. விரல் எதற்குப் பழகுகிறது என்று ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. வேர்டில் அடித்த உறுதி, விண்ணப்பம் போன்றவற்றை லிப்ரே ஓபிஸில் திறக்கும்போது வரி இடைவெளி சற்று மாறி, கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடக்கூடும். கொடுக்கும் முன் பி.டி.எப் ஆக்கி ஒரு தடவை வடிவாகப் பாருங்கள். மற்றது, கலியாண அழைப்பிதழும் 31ஆம் நாள் நினைவு மலரான கல்வெட்டும் பேஜ்மேக்கரிலும் போட்டோஷொப்பிலும் செய்கிறீர்கள் என்றால் அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே வையுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அடோபி இந்த இரண்டையும் லினக்ஸுக்குத் தரவில்லை. அவற்றுக்குப் பதிலாக லினக்ஸில் இருக்கும் இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் பத்து வருட மாதிரிப் பைல்களை வைத்து உழைக்கிறவர் ஒரே நாளில் மாற ஏலாது. தட்டச்சுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி, வடிவமைப்புக் கணினியை விட்டுவிடுவதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

கேள்வி (கோப்பாய், உயர்தர மாணவன்): அண்ணா, கனடாவில் இருந்து மாமா பழைய லப்டொப் ஒன்று அனுப்பினவர். 4 ஜிபி றாம், ஹார்ட் டிஸ்க். திறக்கவே ஐந்து நிமிடம். ஐ.சி.ரி. படிக்கிறேன். என்ன போடலாம்?

தம்பி, முதலில் இயங்குதளத்தை மறந்துவிட்டு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்.எஸ்.டி ஒன்று வாங்குங்கள். அந்த ஐந்து நிமிடமும் ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருக்குமே, தாமதம் அங்கேதான். லினக்ஸ் போட்டும் ஹார்ட் டிஸ்க்கை மாற்றாவிட்டால் பாதிச் சுகம்தான் கிடைக்கும்.

பிறகு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போடுங்கள், அதிலும் பாரம் குறைந்த எக்ஸ்எப்சிஈ பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு, 4 ஜிபியில் ஓடும். உங்கள் பாடத்துக்கு வேண்டிய பைதன், மைஎஸ்கியூஎல், பி.எச்.பி எல்லாம் காசில்லாமல், கிராக் இல்லாமல் கிடைக்கும். கிராக் பண்ணின விண்டோஸ் எங்கள் ஊரில் சாதாரணமாகிவிட்டது. அதைத் திறக்கிற அந்தச் சின்னப் புரோகிராமோடு என்ன சேர்ந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது; அதே கணினியில்தான் அம்மாவின் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள். பதிவிறக்கம் கிட்டத்தட்ட 3 ஜிபி வரும், இரவு டேட்டாவில் போடுங்கள்.

கேள்வி: லினக்ஸில் வைரஸ் வராதா?

மிகக் குறைவு. ஆனால் போலி வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

கேள்வி: வலோரன்ட் விளையாடலாமா?

இல்லை. அதன் மோசடித் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது. டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஓடும்.

கேள்வி (கிளிநொச்சி, பொறியியல் பீட மாணவி): வகுப்புக்கு ஓட்டோகாட், சொலிட்வேர்க்ஸ் வேண்டும். லினக்ஸும் பழக ஆசை. இரண்டையும் வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம் தங்கச்சி. உங்கள் நிலையில் அதுதான் சரி. நீங்கள் சொன்ன இரண்டும் லினக்ஸில் இல்லை. கணக்கீட்டு மென்பொருளான மெற்லாப் மட்டும் இருக்கிறது.

தொடங்கும் முன் விண்டோஸில் டிஸ்க்கில் உள்ளதை மற்றவர் வாசிக்க முடியாமல் வைக்கும் பிட்லொக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். புது லப்டொப்களில் நீங்கள் கேட்காமலே அது போடப்பட்டிருக்கும். 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். அதைக் கொப்பியில் எழுதிவைக்காமல் எதையும் தொடாதீர்கள். அடுத்தது, விண்டோஸின் வேகத் தொடக்கம் என்ற வசதியை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் விண்டோஸ் முழுதாக அணையாது. லினக்ஸில் இருந்து அந்தப் பகுதியைப் படிக்கலாம், எழுத முடியாமல் போகும். டிஸ்க்கில் இடம் குறைப்பதை விண்டோஸின் சொந்தக் கருவியாலேயே செய்யுங்கள்.

எல்லாம் முடிந்து லினக்ஸில் இருந்து விண்டோஸுக்கு வந்தால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் காட்டக்கூடும். பற்றரி போய்விட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே இலங்கை நேரம் என்று வாசிக்கிறது. லினக்ஸில் ஒரு அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி (திருநெல்வேலி): விண்டோஸ் 11 கேட்கும் ரி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத கணினிக்கும் விண்டோஸ் 11 போட்டுத் தருவோம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். நம்பலாமா?

போடலாம் என்பது உண்மை. சோதனையைத் தாண்டி நிறுவ வழி இருக்கிறது. ஆனால் அப்படி நிறுவியதற்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வருகிற பெரிய பதிப்பு தானாக ஏறாமல் நின்றால் திரும்பவும் கடைக்குப் போக வேண்டும். கோர் 2 டுவோ காலத்துக் கணினி என்றால் 24எச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது, அதற்கு வேண்டிய கட்டளைகள் அந்தச் செயலியில் இல்லை. அடுத்த பதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்று அந்தக் கடையில் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லை என்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (மானிப்பாய், இளைப்பாறிய ஆசிரியை): லண்டனில் இருக்கும் பிள்ளைகளோடு சூமில் கதைப்பேன், பத்திரிகை வாசிப்பேன், தேவாரம் கேட்பேன். எனக்கு இந்த வயதில் புதிதாக ஒன்று வேண்டுமா?

ரீச்சர், லினக்ஸ் மின்ட்டுக்கு மிகவும் பொருத்தமானவர் நீங்கள்தான். சூம் இருக்கிறது, குரோம் இருக்கிறது, கீழே இடப்பக்கம் தொடக்கப் பொத்தானும் இருக்கிறது. வட்ஸ்அப்பை உலாவியில் திறந்து செய்தி அனுப்பலாம். அழைப்பைப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, வேண்டிய நாலு ஐகனை மட்டும் திரையில் விடச் சொல்லுங்கள்.

கேள்வி (பார்வைக் குறைபாடுள்ள சகோதரர்): நான் என்விடிஏ திரைவாசிப்பான் பாவிக்கிறேன். மாறலாமா?

அவசரப்பட வேண்டாம். என்விடிஏ விண்டோஸுக்கு மட்டும்தான். லினக்ஸில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, வாசித்துக் காட்டும் ஈஸ்பீக் மென்பொருளின் தமிழ்க் குரலும் உண்டு. ஆனால் விசைக் கட்டளைகள் வேறு, உலாவியில் நடந்துகொள்ளும் விதமும் வேறு. கையும் காதும் பழகின ஒன்றை விட வேண்டிய தேவை இல்லை. முடிந்தால் விண்டோஸ் 11 உள்ள கணினிக்கே போங்கள். உங்களுக்காகச் செலவழிக்கிற காசு அதற்கே போகட்டும்.

கேள்வி (பருத்தித்துறை, எழுதுவினைஞர்): இன்னும் முடிவெடுக்க முடியவில்லை. எங்கே தொடங்குவது?

ஒரு 8 ஜிபி பென்டிரைவில் இருந்து தொடங்குங்கள். அதில் மின்ட்டை ஏற்றி, கணினியை அதிலிருந்து திறந்தால், உள்ளே எதையும் அழிக்காமல் முழு லினக்ஸும் ஓடும். வேகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், பென்டிரைவில் எதுவும் மெதுவாகத்தான் இருக்கும். வைபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் லப்டொப் எழும்புகிறதா என்று பாருங்கள். பிறின்டரைச் செருகி உண்மையில் ஒரு பக்கம் அடியுங்கள். எச்பி பெரும்பாலும் உடனே வரும். கெனனின் பழைய சில லேசர் பிறின்டர்கள் ஆளை அலைக்கழிக்கும். பிறகு உங்களுடைய மிகச் சிக்கலான எக்செல் பைலைத் திறவுங்கள். மக்ரோ, அதாவது தானாக வேலை செய்யும் கட்டளைத் தொகுப்பு, போட்ட பைல் என்றால் ஒவ்வொரு பொத்தானையும் அமத்திப் பாருங்கள். இவ்வளவும் சரி வந்தால் மாறலாம். ஒன்று தடங்கினாலும், அது தினமும் வேண்டியதா, மாதத்தில் ஒரு தடவை வேண்டியதா என்று யோசியுங்கள்.

நிறுவும் நாளில், டிஸ்க்கை அழித்து நிறுவு என்று ஒரு தெரிவு வரும். அது சொன்னபடியே எல்லாவற்றையும் அழிக்கும். ஆகவே முதல் நாளே படங்கள், பைல்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு எடுத்து, அதை வேறொரு கணினியில் செருகி நாலைந்தைத் திறந்து பாருங்கள். திறந்த பிறகு மட்டும் அந்தத் தெரிவை அமத்துங்கள்.