அப்பா கொடுத்த பவர் இன்னும் செல்லுமா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம், அவரே சம்பாதித்து வாங்கியது. 2021-ல் எனக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்து கொடுத்தார். போன தை மாதம் பக்கவாதம் வந்ததிலிருந்து என்னையே அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கடனுக்காகத் தோட்டத்தை விற்க வேண்டும். "பவரை ரத்து செய்யலையே, டாக்டர்கிட்ட உயிர்வாழ் சான்று வாங்கிட்டு வாங்க, கிரயம் பண்ணிக்கலாம்" என்கிறார் பத்திர எழுத்தர். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. செய்யலாமா?

பதில்: வேண்டாமுங்க. உயிர்வாழ் சான்று அப்பா உயிரோடு இருப்பதை மட்டும்தான் சொல்லும். புத்தி தெளிவாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பவர் கொடுத்தவர் இறந்தாலும் சரி, மனநிலை தவறினாலும் சரி, முகவரின், அதாவது பவர் வாங்கியவரின், அதிகாரம் முடிந்துவிடுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ரத்துப் பத்திரம் தேவையே இல்லை. சொத்தில் முகவருக்கே சொந்த உரிமை இருந்தால் 202-ஆவது பிரிவில் விலக்கு உண்டு. பாசத்தில் எழுதிக் கொடுத்த பவர் அதில் சேராது. "ரத்து செய்ய இயலாத" என்று பத்திரத்தில் போட்டிருந்தாலும் அந்த வார்த்தை மட்டும் உதவாது. நிலைமை தெரிந்தே கிரயம் செய்தால், நாளை அக்கா வழக்குப் போடும்போது அப்பாவின் மருத்துவ பைலே உங்களுக்கு எதிரான சாட்சி.

பக்கவாதத்துக்கு முன்பு அந்தப் பவரில் நீங்கள் போட்ட குத்தகை, ஒப்பந்தம் எல்லாம் செல்லும்.

அப்பாவுக்கு இடையிடையே தெளிவு வருகிறதா? வந்தால், அந்த நேரத்தில் விஷயம் புரிந்து அவரே கையெழுத்துப் போடலாம், அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்துப் பதியலாம். நரம்பியல் மருத்துவரிடம் அன்றே சான்று வாங்குங்கள்.

தெளிவே வராது என்றால் உயர் நீதிமன்றம்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்க வழி இல்லை. அந்த இடைவெளியில்தான் 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் கிடந்தவரின் மனைவியையே காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கவும் விட்டது. விற்ற பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் நிரந்தர வைப்பில் போடச் சொன்னது. உங்கள் அப்பா கோமாவில் இல்லை. ஆனாலும் அந்த மனைவி போன அதே ரிட் மனு (உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) வழி உங்களுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. மருத்துவச் சான்று, பில்கள், கடன் விவரம், அம்மா இருந்தால் அவருடைய சம்மதம், அக்காவின் சம்மதம் இவற்றோடு போங்கள். அக்காவிடம் முதலில் பேசிவிடுங்கள்.

அப்புறம், வாங்குபவரிடம் அட்வான்ஸ் வாங்கினீர்களா என்று எழுதவில்லையே? தை மாதத்துக்குப் பிறகு வாங்கியிருந்தால், உள்ளதைச் சொல்லி அதை உடனே திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.