புப்ரெனார்ஃபின் எழுத இனித் தனி அனுமதி தேவையில்லை

ஒஹாயோவில் குடும்ப மருத்துவப் பயிற்சியில் இருக்கும் நீங்கள், ஓபியாய்டு (ஹெராயின் போன்ற போதைமருந்து) அடிமைநோய்க்கான மருந்தாகிய புப்ரெனார்ஃபினை எழுதித்தரத் தனி அனுமதி வேண்டுமா என்றும், முதல் மாத்திரையே நோயாளியை வாட்டிவிடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த ‘எக்ஸ்’ அனுமதியை 2022 டிசம்பர் இறுதியில் கையெழுத்தான சட்டம் நீக்கிவிட்டது, இப்போது டி.இ.ஏ. (அமெரிக்கப் போதைமருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவுக்கு ஒருமுறை 8 மணிநேரப் பயிற்சி போதும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. இம்மருந்து மூளையின் ஏற்பிகளை மிக இறுக்கமாகப் பற்றினாலும் அவற்றை ஓரளவே தூண்டுவதால், உடலில் ஹெராயின் மிச்சமிருக்கும்போது கொடுத்தால் அதை அகற்றிவிட்டு, போதைமருந்து நின்றால் வரும் விலகல் துன்பத்தைச் சட்டென்று வரவழைத்துவிடும். ஆகவே விலகல் அறிகுறிகள் தாமாகத் தொடங்கிய பிறகே முதல் மாத்திரையைத் தர வேண்டும். அதைக் கணிக்க, கொட்டாவி, வியர்வை, விரிந்த கண்பாவை முதலியவற்றுக்கு மதிப்பெண் இடும் ‘கௌஸ்’ அளவையை, மேற்பார்வையாளரை உடன்வைத்துக்கொண்டு நான்கைந்து நோயாளிகளிடமாவது பயன்படுத்திப் பழகுங்கள் (எந்தக் காணொளிப் பாடமும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்). ஃபென்டனில் என்ற வீரியமான ஓபியாய்டைத் தொடர்ந்து பயன்படுத்தியவரிடம் முதல் மாத்திரைக்குக் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். அது உடற்கொழுப்பில் தங்கி மெதுவாகவே வெளியேறும்.