ஐந்து பேர் எழுதும் கையேட்டில் ஸ்டைலுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவுக்காகக் குறுவை, சம்பா, தாளடி சாகுபடிக் கையேடு ஒன்றை ஐந்து பேர் சேர்ந்து கூகுள் டாக்ஸில் எழுதுகிறோம். ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர், டிடிபி சென்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மற்ற மூவரும் விவசாயிகள். ஒருவர் தலைப்பைப் பச்சையாக்கினால் இன்னொருவர் நீலமாக்குகிறார். வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டினால் எழுத்து சிறுத்துவிடுகிறது. நண்பர் ஒட்டும் பத்திகள் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடுகின்றன. பொருளடக்கம் போட்டால் பாதித் தலைப்புகளைக் காணோம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைக்க என்ன வழி?

பதில்: பொருளடக்கத்தில் பாதித் தலைப்புகளைக் காணோம் என்றீர்களே, நோய் அங்கேதான் இருக்கிறது. 'நாற்றங்கால் தயாரிப்பு' என்று தட்டி, அதைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, பச்சை பூசினால் நம் கண்ணுக்கு அது தலைப்பு. டாக்ஸுக்கு அது கொஞ்சம் பருத்த சாதாரண வரி, அவ்வளவுதான். மேலே 'நார்மல் டெக்ஸ்ட்' என்று காட்டும் பெட்டியைத் திறந்து 'ஹெட்டிங் 2' என்று தேர்ந்தெடுத்தால்தான் அது தலைப்பாகக் கணக்கில் சேரும், பொருளடக்கத்துக்கும் வரும்.

அதனால் எழுதுகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி போதும்: இந்த வரி என்ன வேலை செய்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், அது எப்படித் தெரிய வேண்டும் என்பதில் கை வைக்காதீர்கள். நிறம், அளவு, எழுத்துரு மூன்றும் ஒருவர் பொறுப்பு. உங்கள் ஐவரில் பொறுமைசாலி யாரோ அவரிடம் கொடுங்கள். கணினி நன்றாகத் தெரிந்தவர்தான் வேண்டும் என்பதில்லை.

அவர் முதலில் ஒரு தாய்க்கோப்பு தயாரிக்கட்டும். ஒரு வகை வரிக்கான எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் சேர்ந்த தொகுப்புதான் ஸ்டைல். டாக்ஸில் நாமே புதிய பெயர் வைத்து ஸ்டைல் உருவாக்க முடியாது. இருப்பதை வைத்துத்தான் பங்கு பிரிக்க வேண்டும். உங்கள் கையேட்டுக்கு ஹெட்டிங் 1 பருவத்துக்கு: குறுவை, சம்பா, தாளடி. ஹெட்டிங் 2 வேலைக்கு: நாற்றங்கால், நடவு, களை, உரம், அறுவடை. ஹெட்டிங் 3 அதற்குள் வரும் பிரிவுக்கு. அதற்கு மேல் தலைப்பு வகை வேண்டாம். வயலில் நின்று புரட்டுகிறவருக்கு நாலாம் அடுக்கு உதவாது. மருந்து தெளிக்கும்போது கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகளுக்கு மட்டும் ஹெட்டிங் 6-ஐ ஒதுக்குங்கள். உள்தள்ளல், தடித்த எழுத்து என்று அதை வடிவமைத்துவிட்டு, பொருளடக்கத்தின் அமைப்பில் ஆறாம் அடுக்கை எடுத்துவிட்டால் எச்சரிக்கைகள் பொருளடக்கத்துக்குள் நுழையாது. இதைச் சுற்றுவழி என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பின்னால் வேர்டுக்குப் போகும்போது இதன் அருமை தெரியும்.

வடிவமைப்பது எளிது. ஒரு தலைப்பை வேண்டியபடி அமைத்துவிட்டு, ஸ்டைல் பெட்டியில் அதே ஹெட்டிங்கின் பக்கத்து அம்புக்குறியில் 'அப்டேட் ... டு மேட்ச்' என்பதை அழுத்தினால் கோப்பில் உள்ள அந்த வகைத் தலைப்பு எல்லாம் மாறிவிடும். கீழே 'சேவ் ஆஸ் மை டிஃபால்ட் ஸ்டைல்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். அது அவரவர் கணக்குக்கு மட்டும்தான். அதை நம்பி ஐந்து பேரும் தனித்தனிக் கோப்பு திறந்தால் ஐந்து விதமாகத்தான் வரும். ஒவ்வோர் அத்தியாயத்தையும் தாய்க்கோப்பிலிருந்து 'மேக் எ காப்பி' போட்டே தொடங்குங்கள்.

ஒரு குறை உண்டு: ஸ்டைலுக்கு டாக்ஸில் பூட்டு கிடையாது. திருத்தும் அனுமதி உள்ள யாரும் தெரியாமல் அந்த 'அப்டேட்' பொத்தானைத் தட்டிவிடலாம். வேளாண் அலுவலர் சரிபார்க்க மட்டும் வருகிறார் என்றால், கருத்து மட்டும் எழுத விடும் 'கமென்டர்' அனுமதி அவருக்குப் போதும். யாராவது தட்டிவிட்டால் தட்டியவரே உடனே கண்ட்ரோல் இசட் அழுத்திவிடட்டும். மறுநாள் கண்டுபிடித்தால் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் பழைய பதிப்பைத் திறந்து பார்த்து, அந்த அளவுகளைக் குறித்துக்கொண்டு கையால் மாற்றுவதே மேல். பழைய பதிப்பை அப்படியே மீட்டெடுத்தால் நடுவில் மற்றவர்கள் எழுதியதும் கோப்பிலிருந்து போய்விடும்.

அடுத்து ஒட்டும் பிரச்சினை. சாதாரணமாக ஒட்டினால் பழைய அலங்காரமும் கூடவே வரும். கண்ட்ரோல், ஷிஃப்ட், வி சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். பிறகு கண்ட்ரோல், ஆல்ட்டுடன் 1, 2, 3 என்று எண்ணை அழுத்தினால் அந்தந்தத் தலைப்பு. 0 அழுத்தினால் சாதாரணப் பத்தி. ஏற்கெனவே பச்சை, நீலம் பூசிய பகுதிகளைத் தேர்ந்தெடுத்து 'கிளியர் ஃபார்மேட்டிங்' கொடுத்துவிட்டு ஸ்டைலைப் போடுங்கள். கையால் பூசிய நிறம் ஸ்டைலை மீறிக்கொண்டு நிற்கும்.

டிடிபி நண்பரின் கிறுக்கல் வேறு வகை. அவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அதில் கோப்புக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. எழுத்துரு மாறியதும் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடுகிறது. எந்த ஸ்டைலாலும் இதைச் சரிசெய்ய முடியாது. முதலில் யூனிகோடு மாற்றியில் (பழைய எழுத்துருவில் தட்டியதை உண்மையான தமிழ் எழுத்துகளாக மாற்றித் தரும் கருவி) கொடுத்து மாற்ற வேண்டும், அப்புறம் வெறும் எழுத்தாக ஒட்ட வேண்டும், கடைசியில் ஸ்டைல். வரிசை மாறக் கூடாது.

எழுத்துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்ஸ் திறந்தவுடன் நிற்கும் ஏரியலில் தமிழ் எழுத்துகளே கிடையாது. நாம் தமிழில் தட்டும்போது வேறு ஏதோ எழுத்துரு வந்து இடத்தை நிரப்புகிறது. கணினிக்குக் கணினி, போனுக்குப் போன் தோற்றம் மாறுவது இதனால்தான். 'மோர் ஃபான்ட்ஸ்' போய், தமிழ் என்று வடிகட்டி, நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர் இரண்டில் ஒன்றைத் தாய்க்கோப்பில் வைத்துவிடுங்கள். வரி இடைவெளி 1.3-க்குக் குறைய வேண்டாம். குறைந்தால் 'பு', 'சு', 'ழு' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி கீழ்வரிப் புள்ளியோடு முட்டும். இட்டாலிக்கை முழுவதும் தவிர்ப்பது என் கட்சி. இந்த எழுத்துருக்களில் தனியாகச் சாய்வு வடிவம் வரையப்படவில்லை, கணினி நிமிர்ந்த எழுத்தையே சாய்த்துக் காட்டுகிறது. படிக்கக் கண் வலிக்கும்.

எழுதி முடித்ததும் கோப்பை வேர்டு வடிவில் இறக்குங்கள். ஹெட்டிங் பெயர்கள் அப்படியே வரும், அதனால் வேர்டில் 'ஹெட்டிங் 6' ஒன்றை மாற்றினாலே எல்லா எச்சரிக்கைக்கும் கட்டம் கட்டிவிடலாம். உங்கள் கையேடு ஒரு நிறத்தில்தான் அச்சாகும் என்றால் சிவப்பு சாம்பலாகிவிடும், கட்டம் நிற்கும். வேர்டில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஸ்டைலில் எழுத்துரு மாற்றும் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனிப் பகுதி இருக்கும், தமிழுக்கான எழுத்துருவும் அளவும் அங்கேதான். மேல் பெட்டியில் எத்தனை மாற்றினாலும் தமிழ் அசையாது. அந்தப் பகுதியே கண்ணில் படவில்லை என்றால் ஆபீஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேருங்கள். இன்னொன்று, 'ஆட்டோமேட்டிகலி அப்டேட்' என்ற குறி. அது விழுந்திருந்தால் ஒரு வரியைச் சிறிதாக்கும்போது அதே ஸ்டைலில் உள்ள எல்லா வரிகளும் சிறுத்துவிடும், எடுத்துவிடுங்கள்.

அச்சகத்தில் என்ன மென்பொருள் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பழைய பேஜ்மேக்கர் என்றால் யூனிகோடு ஏறாது, நீங்களே பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடுங்கள். இன்டிசைன் என்றால் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' அமைப்பைப் போடச் சொல்லி, 'கொழுஞ்சி', 'கோடை உழவு', 'தழைச்சத்து' எல்லாம் வரும் பக்கம் ஒன்றை மட்டும் முதலில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னும் கால் பின்னும் ஒழுங்காக நின்றால் மீதிப் பக்கங்களைக் கொடுக்கலாம்.