ஏடிவி வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற எந்த ஸ்பேனர் பொருந்தும்?

உச்சிப்புளியை அடுத்த அரியமான் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சவாரி விடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: அவருடைய 250 சிசி சீனத் தயாரிப்பு ஏடிவியில் (மணலிலும் ஓடும் நான்கு சக்கரத் திறந்த வண்டி) பிளக் மாற்ற வேண்டியிருக்கிறது, வண்டியோடு வந்த கருவிப் பை கைவசம் இல்லை. அண்ணனுடைய வள்ளத்தில் உள்ள அவுட்போர்டு எஞ்சினின் பிளக் ஸ்பேனரைப் போட்டால் சுழன்று வழுக்குகிறது. பைக் பட்டறையில் இரவல் வாங்கிய ஸ்பேனரோ பிளக்கின் தலையில் ஏறவே இல்லை. எந்த ஸ்பேனரை வாங்க வேண்டும்?

நீங்கள் போட்டுப் பார்த்த அந்த இரண்டு ஸ்பேனர்களே விடையைப் பெரும்பாலும் சொல்லிவிடுகின்றன. நம் கரையில் ஓடும் 2-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின்கள் பலவற்றில் 14 மி.மீ. மரை கொண்ட பிளக் இருக்கிறது. அதன் ஆறுபட்டைத் தலையின் அகலம் 20.8 மி.மீ. என்பதால் அதற்குரிய ஸ்பேனர் 21. இன்றைய 100, 125 சிசி பைக்குகள் பலவற்றில் 10 மி.மீ. மரையும் 16 மி.மீ. தலையும் உள்ள பிளக் வருகிறது. 21 வழுக்குகிறது, 16 ஏறவில்லை என்றால், உங்கள் வண்டியில் இருப்பது 12 மி.மீ. மரையும் 18 மி.மீ. தலையும் கொண்ட பிளக்காகவே இருக்க வேண்டும். சீனத் தயாரிப்பான 200, 250 சிசி ஏடிவிகளில் மிகுதியாகக் காணப்படும் என்ஜிகே நிறுவனத்தின் டி8இஏ (D8EA), டார்ச் நிறுவனத்தின் டி8டிசி (D8TC) ஆகிய இரண்டு பிளக்குகளும் இந்த அளவைச் சேர்ந்தவையே. சிறுவர்களுக்கான 110 சிசி ஏடிவிகளில் ஏ7டிசி (A7TC) அல்லது சி7ஹெச்எஸ்ஏ (C7HSA) இருக்கும். அவற்றுக்கு 16 போதும்.

ஊகத்தை நம்பிப் பணம் செலவிடாமல் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். பிளக் கேப்பை நேராக மேலே இழுத்து எடுத்துவிட்டுக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால், வெள்ளைப் பீங்கானின் மேல் அச்சிட்ட குறியீடு தெரியும். என்ஜிகே குறியீட்டில் முதல் எழுத்து பி (B) என்றால் மரை 14 மி.மீ., சி (C) என்றால் 10, டி (D) என்றால் 12. ஆனால் பிசி (BC) என்று இரண்டெழுத்தாகத் தொடங்கும் பிளக்குகளில் மரை 14 ஆக இருந்தாலும் தலை 16 தான். ஆகவே மரையை மட்டும் வைத்து ஸ்பேனரைத் தீர்மானிக்கக் கூடாது. அதே குறியீடுள்ள புதிய பிளக்கை முதலில் வாங்கி, தலையின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையிலான அகலத்தை வெர்னியரால் அளந்து, அந்தப் பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டே ராமநாதபுரத்தில் கருவிக் கடைக்குச் செல்லுங்கள்.

கடையில் அங்குல அளவு சாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தால் வாங்க வேண்டாம். 5/8 அங்குலம் 16-க்கும், 13/16 அங்குலம் 21-க்கும் ஏறத்தாழ ஈடாகும் என்பது உண்மை. 18-க்கு அப்படி எளிதில் கிடைக்கும் ஈடான அளவு இல்லை. 11/16 என்பது 17.5 மி.மீ.க்கும் குறைவு, ஆகவே ஏறாது. 3/4 என்பது 19 மி.மீ., அது தளர்வாக நின்று பட்டைகளை உருட்டிவிடும். உப்புக் காற்றில் துருவேறி ஏற்கெனவே இளைத்துப்போன தலைக்கு அந்தத் தளர்வே போதும், பின்பு எந்த ஸ்பேனராலும் பிடிக்க முடியாது. உள்வாய் பன்னிரண்டு முனையாக இல்லாமல் ஆறு பட்டையாக உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதும் இதனால்தான்.

அளவு சரியாக இருந்தும் கருவி உள்ளே போகாமல் நிற்பது பலரும் எதிர்பாராத சிக்கல். 18 மி.மீ. நீள சாக்கெட்டின் வெளிவிட்டம் பொதுவாக 24 முதல் 26 மி.மீ. வரை இருக்கும், எஞ்சின் ஹெட்டின் துடுப்புகளுக்கு நடுவே பிளக் அமர்ந்திருக்கும் குழி அவ்வளவு இடம் தராமல் போகலாம். குழியின் அகலத்தை அளந்துகொண்டு போனால் கடையிலேயே ஒப்பிட்டுவிடலாம். என் தேர்வு, மெல்லிய தகட்டாலான குழாய் வடிவப் பிளக் ஸ்பேனர்; குறுக்கே டாமி கம்பியைச் செருகித் திருப்பும் பழைய வகை. விலை குறைவு, ஒடுங்கிய இடத்தில் நுழையும், எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்பது கைக்கு நன்றாகத் தெரியும். பெட்ரோல் டேங்கும் பிளாஸ்டிக் மூடிகளும் மறித்துக் கம்பியைச் சுழற்ற இடமில்லை என்றால் மட்டும், உள்ளே ரப்பர் வளையம் வைத்த 18 மி.மீ. பிளக் சாக்கெட்டும் 3/8 அங்குல ராட்செட்டும் ஒரு நீட்டிப்புக் கம்பியும் வாங்குங்கள். ரப்பர் வளையம் பீங்கானை நடுவில் நிறுத்திப் பிடிக்கும். வளையமில்லாத சாக்கெட் சாய்ந்தால் பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்து, புதிய பிளக்கே சரியாகப் பொறி விடாமல் மிஸ்ஃபயர் ஆகும்.

கழற்றும்போது மிகவும் கவனிக்க வேண்டியது மணல். கச்சான் காற்று மணலை வாரி வீசும் நாட்களில் கடற்கரையில் வைத்துப் பிளக்கைத் திறக்கவே கூடாது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, கொட்டகைக்குள் வைத்து, பஞ்சர் கடைக் காற்றோ கைப் பம்போ கொண்டு பிளக் குழியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். காற்று அடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். குழியில் தங்கிய மணல் சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் சுவரும் கீறிப்போகும். பிளக் இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் கால் சுற்று தளர்த்துவது, மீண்டும் சற்று முடுக்குவது, மறுபடி தளர்த்துவது என்று பொறுமையாக எடுக்க வேண்டும். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. உப்பு ஈரத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பதால், ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகி நெம்பினால் ஹெட்டின் மரையும் சேர்ந்து வந்துவிடும்.

புதிய பிளக்கின் முனையில் பொறி பாயும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள், டி8இஏ-வுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. வரை. தொடக்க மரைகளைக் கையாலேயே ஏற்றுங்கள். கடற்கரை வண்டி என்பதற்காக மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். பிளக்கின் மேற்பூச்சே துருவைத் தாங்கும், கிரீஸ் இருந்தால் அதே விசையில் மரை அளவுக்கு மீறி இறுகும். 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், பிளக்கின் வாஷர் ஹெட்டில் படியும்வரை கையால் முடுக்கி, அதன்பின் ஸ்பேனரால் ஏறத்தாழ அரைச் சுற்று மட்டும் திருப்புங்கள். பழைய பிளக்கையே திரும்பப் போடுவதானால், வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும்.

கழற்றிய பிளக்கின் மரையில் அலுமினியத் துகள்கள் சுருள் சுருளாக ஒட்டி வந்திருந்தால் புதியதைத் திணிக்காமல் நிறுத்திவிடுங்கள். ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்து, கெட்டுப்போன மரைக்குப் பதிலாகப் புதிய மரை உறை போட்ட பிறகே அந்த வண்டியைச் சவாரிக்கு விடலாம்.