பம்ப்பைக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள்

கேள்வி: என்னுடையது பழைய லாரி, மெக்கானிக்கல் பம்ப். பொரித்து மிஞ்சிய சமையல் எண்ணெயைத் துணியில் வடிகட்டி, டீசலில் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு மாதமாக ஓட்டுகிறேன். இழுவை குறையவில்லை. முதல் டீசல் இன்ஜினே கடலை எண்ணெயில் ஓடியதாமே? இப்படியே தொடரலாமா?

பதில்: முதல் இன்ஜின் இல்லை. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ கம்பெனி ஒரு சின்ன டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. ருடால்ப் டீசலே பிறகு அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த இன்ஜின் லோடு ஏற்றிக்கொண்டு மேடு ஏறவில்லை.

எண்ணெய் எரியுமா என்று கேட்டால், எரியும். எரிகிற இடத்துக்கு அது போய்ச் சேரும் வழியைத்தான் பார்க்க வேண்டும். நான் பம்ப் பிரித்தே காலம் தள்ளியவன். பம்ப்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டுதான் பிளஞ்சர், அது ஓடும் உறை பேரல். புது பிளஞ்சரை டீசலில் நனைத்து, பேரலைச் சாய்த்துப் பிடித்துக் கொஞ்சம் இழுத்து விட்டால், தன் எடையிலேயே மெதுவாக வழுக்கிக்கொண்டு இறங்கும். அவ்வளவு நெருக்கமான இடைவெளி. அதற்குள் வேறு ஆயில் கிடையாது. போகிற டீசல்தான் ஆயில்.

உங்களைப் போலவே ஓட்டியவரின் பம்ப் ஒன்று என் பெஞ்சுக்கு வந்தது. பிளஞ்சரை இழுத்து விட்டேன், பாதியிலேயே நின்றுவிட்டது. மேலே தேன் நிறத்தில் வார்னிஷ் போல ஒரு தோல். நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் முனையில் கரி பூப்பூவாக மலர்ந்திருந்தது. அவரும் “இழுவை குறையலையே” என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

காரணம் பிசுக்கு, அதாவது எளிதில் ஓடாத கெட்டித்தன்மை. அதைச் சென்டிஸ்டோக் என்ற அலகில் அளப்பார்கள். 40 டிகிரி சூட்டில் டீசலின் பிசுக்கு 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்கும். சமையல் எண்ணெய்க்கு 30-க்கு மேல். நாசில் அதைப் புகையாகப் பிரிக்காமல் பெரிய துளிகளாகத் துப்பும். துளி முழுதாக எரியாது. பிஸ்டன் ரிங் பள்ளத்தில் கரியாக ஒட்டும், மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்கு இறங்கி இன்ஜின் ஆயிலைக் கூழாக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் ஆயிலைத் தேய்த்துப் பாருங்கள். அளவு ஏறியிருந்தாலோ, நூலாக இழுத்தாலோ, ஆயிலை உடனே மாற்றிவிடுங்கள், கலப்பையும் நிறுத்துங்கள். துணியில் வடிகட்டியது கண்ணுக்குத் தெரிகிற தூசிக்கு மட்டும்தான். எண்ணெயில் இருக்கும் தண்ணீரும் அமிலப் புளிப்பும் துணியைத் தாண்டி வந்துவிடும்.

அதே எண்ணெயை மெத்தனாலும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்து, கிளிசரினைப் பிரித்து எடுத்தால் பயோடீசல். பிசுக்கு 4, 5-க்கு இறங்கிவிடும். அதுவும் வீட்டு டிரம்மில் காய்ச்சியதாக இல்லாமல், தரச்சான்றோடு வந்ததாக இருக்க வேண்டும். உங்கள் இன்ஜின் கையேடு எத்தனை சதவீதம் அனுமதிக்கிறதோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பயோடீசல் நல்ல கரைப்பான், பழைய டேங்க்கில் வருஷக்கணக்காகப் படிந்த சேற்றைக் கிளப்பிவிடும். முதல் சில டேங்க்குக்கு டீசல் பில்டர் இரண்டை வண்டியிலேயே வைத்திருங்கள். பழைய ரப்பர் ஹோஸ் ஊறி உப்பும், அதையும் கவனியுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஊற்றி வைக்காதீர்கள், கெட்டுவிடும்.

கேள்வி: எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் லாரி வைத்திருக்கிறேன். டேங்க்குக்கு ஒரு பாட்டில் டீசல் மருந்து ஊற்றினால் மைலேஜ் கூடும் என்கிறார்கள். சிலர் டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் 2டி ஆயிலே போதும் என்கிறார்கள். எது சரி?

பதில்: பாட்டிலின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தில் என்ன வேலைக்கு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். “எல்லாவற்றுக்கும்” என்றிருந்தால் நான் கீழே வைத்துவிடுவேன்.

டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதன் அளவுதான் சீட்டேன். அதை ஏற்றும் மருந்து, சீக்கிரம் பற்றாத மட்ட டீசலுக்கு உதவும். ஏற்கெனவே 51 சீட்டேன் உள்ள டீசலில் உங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. குளிரில் டீசல் உறையாமல் இருக்க ஊற்றுவது உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் டீசலில் உள்ள மெழுகு கட்டுவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். கட்டிய பிறகு ஊற்றிப் பயனில்லை.

வழுவழுப்புக்கான மருந்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் கூடவே போய்விடுகிறது. ஆனால் அதை ஈடுகட்டத் தேவையானதைச் சேர்த்துத்தான் டீசல் விற்பனைக்கு வருகிறது. அதற்கு மேல் 2டி ஆயில் எதற்கு? அது எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பல், புகை பில்டர் உள்ள வண்டியில் அங்கேயே தங்கும். சாம்பலை மறுபடி எரித்து வெளியேற்ற முடியாது. பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் பேசுவதில்லை.

தண்ணீரை டீசலோடு கலக்கவைக்கும் மருந்து மட்டும் காமன் ரயிலில் வேண்டவே வேண்டாம். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செபரேட்டரில் நிற்க வேண்டிய தண்ணீர் அதைத் தாண்டி, 2000 பார் வரைகூடப் போகும் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குப் போகும். பாட்டில் வாங்குகிற நேரத்தில் குனிந்து செபரேட்டரின் அடித்திருகைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால் வெறும் டீசல் வரும்வரை விடுங்கள்.

கேள்வி: புகைக்கு ஊற்றும் யூரியா திரவத்தை டிரைவர் தெரியாமல் டீசல் டேங்க்கில் 5 லிட்டர் ஊற்றிவிட்டார். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. டீசல் நிரம்ப இருக்கிறது, ஓட்டிவிடலாமா?

பதில்: சாவியையே போடாதீர்கள். சில வண்டிகளில் சாவி போட்டதுமே சப்ளை பம்ப் ஓடும். அது 32.5 சதவீத யூரியா, மற்றது தண்ணீர். டீசலைவிடக் கனம் என்பதால் நேராக அடியில் போய் உட்காரும், டேங்க்கிலிருந்து உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். தண்ணீர் காய்ந்த இடத்திலெல்லாம் உப்பு போல யூரியா படிகம் நிற்கும். டேங்க்கை இறக்கி முழுதும் வடித்துக் கழுவுங்கள். நல்லவேளை, டிரைவர் உடனே சொன்னாரே, அவரைத் திட்டாதீர்கள்.